பூனைக்கு உடம்பு சரியில்லையா? எது காத்திருக்கும், எது காத்திருக்காது: கடற்கரை வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

என் முதல் பூனை குட்டான் மலச்சிக்கலில் செத்தான் என்று மூன்று வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பாம்பனில் எங்கள் வீட்டு முற்றம் முழுக்கக் கடல் மணல். வலைக் குவியலுக்குப் பின்னால் ஒரு மூலையைப் பூனைகள் தங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும். ஒரு மாசி மாதக் காலையில் குட்டான் அங்கே போய்க் குந்தினான். முக்கினான். எழுந்து இரண்டடி நடந்து மறுபடியும் குந்தினான். "வயிறு கட்டியிருக்கும்டா, கொஞ்சம் விளக்கெண்ணெய் குடு" என்றாள் அம்மா. கொடுத்தோம். மறுநாள் வாந்தி எடுத்தான். மூன்றாம் நாள் விடியும்போது வலைமேல் விறைத்துக் கிடந்தான்.

அவன் குந்திய இடத்தில் மணல் காய்ந்தே கிடந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புரியவில்லை. அவனுக்கு அடைத்திருந்தது மலம் இல்லை, சிறுநீர். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பான்.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் நம் கடற்கரையில் பூனை இல்லாத தெரு கிடையாது. ஆனால் பூனைக்கென்றே மருத்துவமனை பக்கத்தில் இருக்கும் தெருவும் கிடையாது. அதனால் நமக்கு முதலில் வேண்டியது மருந்துப் பட்டியல் இல்லை. எந்த நோய் நாளை வரை பொறுக்கும், எது இன்று ராத்திரிகூடப் பொறுக்காது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: நன்றாக இருக்கும்போதே பார்த்து வையுங்கள்

பூனை வலியை மறைக்கும். பெரிய பிராணிகளுக்கு இரையாகும் சின்ன உடம்பு அதற்கு. சோர்ந்து கிடப்பதைக் காட்டிக்கொண்டால் ஆபத்து என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. நாய் மாதிரி முனகிக்கொண்டு நம் காலடிக்கு வராது. கட்டிலுக்கடியிலோ படகின் அணியத்திலோ போய் ஒளிந்துகொள்ளும். வழக்கமாக வாசலில் நிற்கும் பூனை ஒருநாள் முழுக்க ஒளிந்து கிடந்தால் அதுவே முதல் அறிகுறி.

பூனை நன்றாக இருக்கும் நாளில் நான்கைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அது தூங்கும்போது விலா எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று 30 நொடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வந்துவிடும். பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம் மாதிரி நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. நான்காவது எடை. மீன் நிறுக்கும் தொங்கு தராசு நம் ஊரில் கிடைக்காத பொருளா? துணிப்பைக்குள் உட்கார வைத்து மாதம் ஒருமுறை நிறுத்துக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

பூனையின் உடல் வெப்பம் நம்மைவிட அதிகம்: 38.1 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், அதாவது 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அதனால் தொட்டுப் பார்த்தால் எப்போதுமே காய்ச்சல் அடிப்பது போலத்தான் தெரியும். மூக்கு காய்ந்திருப்பதும் காய்ச்சலுக்கு அடையாளம் இல்லை. சந்தேகம் வந்தால் டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வைத்துப் பாருங்கள். இதற்கென்று தனித் தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள்.

இரண்டாம் படி: இப்போதே கிளம்ப வேண்டியவை

ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு. இதை முதலில் வைப்பதற்குக் காரணம் குட்டான் மட்டும் இல்லை. நம் ஊரில் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகவும் குறுகல். மணல் போன்ற உப்புப் படிகமோ சளி போன்ற அடைசலோ அதில் சிக்கிக்கொண்டால் ஒரு சொட்டுகூட இறங்காது. பூனை திரும்பத் திரும்பக் குந்தும், முக்கும், கத்தும், குறியை நக்கிக்கொண்டே இருக்கும். அடிவயிற்றை மெதுவாகத் தொட்டால் எலுமிச்சம்பழம் போலக் கெட்டியாகத் தட்டுப்படும். அழுத்தாதீர்கள், சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம். வெளியேறாத நஞ்சும் பொட்டாசியமும் ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். முழு அடைப்பென்றால் இரண்டு மூன்று நாளுக்குமேல் தாங்காது. வீட்டு வைத்தியம் எதுவும் இதற்குக் கிடையாது. மயக்கம் கொடுத்துக் குழாய் போட்டு அடைப்பை எடுத்து, சலைன் ஏற்ற வேண்டும்.

மலச்சிக்கலா சிறுநீர் அடைப்பா என்று எப்படிப் பிரிப்பது? பூனை எழுந்து போன பிறகு அது குந்திய இடத்து மணலைக் கையால் கிளறுங்கள். சிறுநீர் போயிருந்தால் மணல் நனைந்து உருண்டையாகக் கட்டியிருக்கும். மூன்று நான்கு முறை குந்தியும் மணல் பொலபொலவென்று உதிர்ந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். சொட்டுச் சொட்டாக ரத்தம் கலந்து போனாலும் அன்றே காட்ட வேண்டும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது. நாய்க்கு அது சாதாரணம், பூனைக்கு இல்லை. நுரையீரலில் நீர், இதயக் கோளாறு, வெயில் தாக்கு எதுவாகவும் இருக்கலாம். சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்கடியில் அடைபட்ட பூனையாக இருந்தால் நிழலுக்கு எடுத்து வந்து, சாதாரணத் தண்ணீரால் உடம்பையும் பாதங்களையும் நனைத்து விசிறுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்; தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி உள்ளே இருக்கும் சூடு வெளியேறாமல் போகும். நினைவு இல்லாதபோது வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

பாரசிட்டமால். பூனை முடங்கிக் கிடக்கிறதென்று அன்போடு கால் மாத்திரை கொடுத்துக் கொன்றவர்களை எனக்குத் தெரியும். நம் கல்லீரல் அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகவும் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லும், அதைவிடக் குறைந்த அளவும் ஆபத்துதான். ஈறு பழுப்பாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு திணறும். முறிவு மருந்து இருக்கிறது, ஆனால் சில மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

தூண்டில் முள்ளும் நரம்பும். இது நம் கடற்கரைக்கே உரிய தொல்லை. மீன் வாசனை ஊறிய நரம்பை, அதாவது தூண்டில் நூலை, பூனை மென்று விழுங்கிவிடும். வாயோரம் ஒரு நூல் தொங்குவது தெரிந்தால் கை தானாக இழுக்கப் போகும். இழுக்காதீர்கள். ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டியிருக்கும். மறுமுனையை இழுத்தால் குடல் சுருங்கி, நரம்பு ரம்பம் மாதிரி அதை அறுத்துவிடும். வெட்டியும் விடாதீர்கள். முள் எங்கே இருக்கிறதென்று மருத்துவர் தேடிப் போக அந்த நூல் உதவும். அப்படியே துணியில் சுற்றித் தூக்கிச் செல்லுங்கள். ஒன்று மட்டும் நம் கையில் இருக்கிறது: மீதி நரம்பையும் இரை மாட்டிய முள்ளையும் கரையில் போட்டுவிட்டு வராமல் இருப்பது.

பேத்தை மீன். பந்து மாதிரி ஊதிக்கொள்ளுமே, அந்த மீன். வலையில் கழித்துப் போடும் பேத்தையின் ஈரல், முட்டை, தோல் எல்லாவற்றிலும் நஞ்சு இருக்கிறது. வேகவைத்தாலும் போகாது. தின்ற பூனைக்கு வாந்தி வரும், பின்னங்கால் தள்ளாடும், பிறகு மூச்சுத் தசைகளே செயலிழக்கும். முறிவு மருந்து கிடையாது. மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. கழிவு மீனைக் கரையில் வீசும்போது பேத்தையை மட்டும் பிரித்துப் புதைத்துவிட்டால் பல உயிர்கள் மிஞ்சும். இளசுகளிடம் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

பாம்புக்கடி, வண்டி மோதியது, இடைவிடாத வலிப்பு, முக்கி முக்கியும் ஒரு மணி நேரமாகக் குட்டி வெளிவராதது: இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை, கிளம்புங்கள்.

மூன்றாம் படி: தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

"பூனைக்கு மீன்தானே சாப்பாடு, அதில் என்ன கெடுதல்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். மீன் நல்லதுதான். மீன் மட்டும்தான் என்றால் கெடுதல்.

நெத்திலி உட்பட சில மீன்களின் பச்சைச் சதையில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். நாள்தோறும் பச்சையாகத் தின்றுவந்தால் முதலில் பசி குறையும். பிறகு பூனை போதையில் இருப்பது போல நடக்கும். கழுத்தைத் தூக்க முடியாமல் தாடை மார்பை நோக்கித் தொங்கும். கடைசியில் வலிப்பு. அந்தக் கழுத்துத் தொங்கலை ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். பி1 ஊசி போட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும், ஆனால் தள்ளிப்போடக் கூடாது. தடுக்கும் வழி ரொம்பச் சுலபம்: வேகவைத்துக் கொடுங்கள். சூட்டில் அந்த நொதி அழிந்துவிடும்.

மத்தி, சூரை போன்ற எண்ணெய்ச் சத்து மிகுந்த மீனையே மாதக்கணக்கில் கொடுத்தால் வேறொரு சிக்கல். வைட்டமின் ஈ பற்றாமல் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மஞ்சளித்துப் புண்ணாகும். தூக்கினால் கத்தும், வயிற்றைத் தொடவே விடாது.

கருவாட்டில் உப்பு மிகுதி. ஆசைக்கு ஒரு துண்டு என்றால்கூட நன்றாக ஊறவைத்து அலசிக் கொடுங்கள். மீன் குழம்புச் சோறு இன்னும் மோசம். அதில் இருக்கும் சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். ஈறு வெளுத்து, சோகை பிடித்து, சிறுநீர் சிவப்பாகப் போகும். வெங்காயத்தை எடுத்துவிட்டுக் கொடுத்தேன் என்பார்கள். சாறு குழம்பில்தானே இறங்கியிருக்கிறது. மீன் கழுவியதும் பூனைக்கென்று இரண்டு துண்டை மஞ்சள்கூடப் போடாமல் தனியாக வேகவைத்துவிடுங்கள். முள்ளையும் எடுத்துவிடுங்கள்.

டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதிய அளவுக்குத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. அது குறைந்தால் கண் பார்வை போகும், இதயம் வீங்கும். இந்த இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987இல்தான் ஆய்வில் உறுதியானது. அதற்குப் பிறகுதான் கடையில் விற்கும் பூனை உணவுகளில் டாரின் அளவைக் கூட்டினார்கள். நம் வீட்டுச் சாப்பாட்டில் கோழி இதயம், கோழித் தொடைக்கறி, மீன் ஆகியவற்றில் அது இருக்கிறது. தண்ணீரில் கரையும் சத்து அது. ஆகவே வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் சாப்பாட்டோடு சேர்த்து ஊற்றுங்கள். கோழி ஈரல் வாரம் ஒருமுறை போதும். தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ மிஞ்சி எலும்பைப் பிடிக்கும். வாரத்தில் சில நாள் மீன், சில நாள் கோழி, இடையில் ஒரு வேகவைத்த முட்டை, ருசிக்குக் கொஞ்சம் சோறு. முடிந்தால் பாதி வேளைக்குக் கடைப் பூனை உணவு. இப்படி மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் நம் வீடுகளுக்கு ஒத்துவரும்.

தண்ணீர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான்கு கிலோ பூனைக்குச் சாப்பாட்டில் இருப்பதையும் சேர்த்து நாளுக்கு 200 முதல் 240 மில்லி தண்ணீர் வேண்டும். ஆனால் பூனையின் மூதாதை பாலைவனத்தது. தாகத்தை அது பெரிதாக எடுத்துக்கொள்ளாது. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கரிக்கும். குடம் கணக்கில் காசு கொடுத்துக் குடிதண்ணீர் வாங்கும் வீட்டில் பூனைக்கு உப்புத் தண்ணீரை வைக்கத் தோன்றும். அதை அது முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். நாம் குடிக்கும் தண்ணீரிலிருந்து இரண்டு மண் சட்டியில், சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி வையுங்கள். ஈரமான சாப்பாடும் நிறையத் தண்ணீரும்தான் சிறுநீர் அடைப்புக்கு எதிராக நம்மால் செய்ய முடிந்த வேலை.

பால்? வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது. பேதிக்கு அதுவே காரணமாக இருக்கும்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் கரையில் சிந்துவது குறைந்துவிடும். இறங்குதளத்தை நம்பி வாழும் பூனைகள் அந்த இரண்டு மாதத்தில் எலும்பும் தோலுமாகும். மீன் தவிர எதையும் தொடாத வீட்டுப் பூனையும் பட்டினி கிடக்கும். பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து எதுவும் சாப்பிடாமல் இருந்தால், அதுவும் கொழுத்த பூனையாக இருந்தால், உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து மஞ்சள் காமாலை வந்துவிடும். "பசித்தால் தானாகத் தின்னும்" என்ற பேச்சு பூனையிடம் செல்லாது. பங்குனியிலேயே மீனோடு கோழியையும் முட்டையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கிவிடுங்கள். எந்த நோயாக இருந்தாலும் முழுசாக ஒருநாள் சாப்பிடாவிட்டால் மறுநாள் மருத்துவரைப் பாருங்கள். குட்டியென்றால் அரை நாள்கூட அதிகம்.

நான்காம் படி: வாந்தி, பேதி, சளி

ஒருமுறை முடியுருண்டையோ புல்லோ வாந்தியெடுத்துவிட்டு மறுபடி விளையாடப் போனால் பயப்பட வேண்டாம். ஒரே நாளில் மூன்று நான்கு முறை எடுத்தால், ரத்தம் இருந்தால், குடித்த தண்ணீரும் நிற்காவிட்டால் அது வேறு.

தடுப்பூசி போடாத குட்டி திடீரென்று சாப்பாட்டை விட்டு, மஞ்சளாகவோ நுரையாகவோ வாந்தியெடுத்து, தண்ணீர்ச் சட்டியின் மேல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தால் பான்லுகோபீனியா என்று நினைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு வரும் பார்வோ வைரஸ் நோயின் நெருங்கிய உறவு. வெள்ளையணுக்களை அழித்துக் குடலைப் புண்ணாக்கும். ஒரு வீட்டில் ஐந்து குட்டியும் ஒரே வாரத்தில் போவது இதனால்தான். "கண்ணு பட்டுருச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த குட்டியைக் கொண்டுவருவார்கள், அதுவும் போகும். இந்தக் கிருமி வீட்டுக்குள் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். சோப்புக்குச் சாகாது. துணி வெளுக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் சேர்த்து, கழுவிய தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுப் பிறகு அலசுங்கள். பினாயில் வேண்டாம். பினாயிலும் டெட்டாலும் பூனைக்கே நஞ்சு. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் உள்ளே போய்விடும்.

சளிக்காய்ச்சல் இவ்வளவு கொடியதில்லை, ஆனால் குட்டிகளின் கண்ணைப் பறிக்கும். தும்மல், கண்ணில் பீளை, நாக்கில் புண். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு ஆறவிட்டு, பஞ்சில் நனைத்துப் பீளையை ஊறவைத்துத் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு பஞ்சு. மூக்கடைத்த பூனை வாசனை தெரியாமல்தான் சாப்பிடாது. மீனைச் சுடச்சுட மசித்து மூக்கருகே கொண்டுபோனால் நக்க ஆரம்பிக்கும். கற்பூரம், தைலம், விக்ஸ் எதையும் தடவாதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் கண் சொட்டு மருந்தையும் விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து கருவிழியில் புண்ணும் இருந்தால் கண் போய்விடும்.

இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே தடுப்பூசி இருக்கிறது. எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதினாறு வாரம் வரை, அப்புறம் மருத்துவர் சொல்லும் இடைவெளியில். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில் தனியாக.

ஐந்தாம் படி: தோல், காது, புழு

ஒரு வெள்ளைத் துணியை ஈரமாக்கி விரித்து, அதன்மேல் பூனையை நிறுத்தி ஈர்க்கோலி சீப்பால் வாருங்கள். மிளகுத்தூள் போலக் கறுப்பாக உதிரும். ஈரத்தில் அது சிவப்பாகக் கரைந்து பரவினால் தெள்ளுப்பூச்சியின் கழிவு. பூனையின் ரத்தம்தான் அது. குட்டிகளுக்குத் தெள்ளுப்பூச்சியாலேயே சோகை பிடித்து உயிர் போவதுண்டு. பூனைக்கென்று விற்கும் கழுத்துச் சொட்டு மருந்தை மட்டும் எடைக்கேற்ற அளவில் விடுங்கள். எட்டு வாரத்துக்குட்பட்ட குட்டிக்கு மருந்து வேண்டாம், சீப்புதான். நாய்க்கு வாங்கிய பவுடரைப் பூனைக்குப் போடவே கூடாது. அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கலாம். நடுக்கமும் வலிப்பும் வந்து செத்துவிடும். மண்ணெண்ணெய், புகையிலைத் தண்ணீர், வேப்பெண்ணெய் எல்லாம் நம் ஊர்ப் பழக்கம். பூனை உடம்பில் தடவியது எதுவானாலும் கொஞ்ச நேரத்தில் அதன் வயிற்றுக்குள் போகும் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்கினால் நாடாப்புழு. ஆசனவாய் முடியில் அரிசி மாதிரி ஒட்டிக்கொண்டு, புதிதென்றால் நெளியும். உருளைப்புழு தாய்ப்பாலிலேயே குட்டிக்கு வந்துவிடும். பானை வயிறும் ஒட்டிய முதுகுமாக இருக்கும். இரண்டு வாரக் குட்டி முதல் எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து. எடையைச் சொல்லி மருத்துவரிடம் அளவு கேட்டு வாங்குங்கள்.

காதுக்குள் காப்பித்தூள் போல அழுக்கு நிறைந்து, தலையை உதறிக்கொண்டே இருந்தால் காது உண்ணி. காது விளிம்பில் தொடங்கி முகம் முழுக்கப் பொருக்குத் தட்டினால் சொறி உண்ணி, அது நம் கையிலும் அரிக்கும். வட்ட வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரை, இதுவும் பிள்ளைகளுக்கு ஒட்டும். மூன்றுமே மருந்தில் சரியாகும், வாரக்கணக்கில் ஆகும். நாளை காட்டினாலும் போதும்.

கடுவன்கள் சண்டை போட்ட மூன்றாம் நாள் கன்னத்திலோ வால் அடியிலோ சூடான வீக்கம் வந்தால் அது சீழ்க்கட்டி. பல் குத்திய ஓட்டை மேலே மூடிக்கொண்டு உள்ளே அழுகியிருக்கும். பிதுக்காமல் கொண்டுபோங்கள். நொண்டினால் முதலில் பாதத்தை விரித்துச் சீமைக்கருவேல முள் இருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்தில் பாதி நொண்டலுக்கு அதுதான் காரணம்.

வெள்ளைப் பூனை வைத்திருப்பவர்கள் காது நுனியைக் கவனியுங்கள். முடி குறைந்த அந்த வெளிர்த் தோலில் வருடக்கணக்காக நம் வெயில் விழுந்தால் புற்றுநோய் வரும். கீழக்கரையில் எனக்குத் தெரிந்த லாத்தா ஒருவர், "சண்டையில கிழிஞ்சதுன்னுதான் தம்பி நெனச்சேன், மாசம் நாலாச்சு ஆறவே இல்ல" என்று தன் பூனையின் காதைக் காட்டினார். நுனியில் கறுத்த பொருக்கு. உரித்தால் ரத்தம், மறுபடி பொருக்கு. மருத்துவர் காது மடலை வெட்டி எடுத்தார். மடல் இல்லாத அந்தப் பூனை இப்போதும் அவர் வீட்டுத் திண்ணையில்தான் படுத்திருக்கிறது. ஒரு மாதத்துக்குமேல் ஆறாத காதுப் பொருக்கைக் காட்டிவிடுங்கள். உச்சி வெயிலில் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

வயதான பூனை

பத்து வயதுக்கு மேல் தண்ணீர் அதிகம் குடித்து, சிறுநீர் அதிகம் போய், இளைத்துக்கொண்டே வந்தால் பெரும்பாலும் சிறுநீரகமோ சர்க்கரையோ. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வாய் நாறி, எச்சில் வடித்து, ஒரு பக்கமாகவே மென்றால் பல். இரண்டுமே "வயசாயிருச்சு" என்று விட்டுவிடக்கூடியவை இல்லை.

ஆறாம் படி: நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும்

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். சொன்ன தேதிகளில் ஒன்றைக்கூட விடக் கூடாது. வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை.

வீட்டில் மாசமாக இருக்கும் பெண் இருந்தால் பூனையைத் துரத்திவிடச் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்குக் காரணம் கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. பூனையின் மலத்தில் வரும் அதன் முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். ஆகவே மலத்தைத் தினமும் வேறு ஒருவர் அள்ளினால் போதும். சரியாக வேகாத கறியும் கழுவாத கீரையும் அதைப் பரப்புவதில் சளைத்தவை இல்லை. பூனையை ஏன் வீதியில் விட வேண்டும்?

முற்றத்து மணலில் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடினால், பூனை நாயின் கொக்கிப்புழுக் குஞ்சு தோலில் ஏறிக் கோணல்மாணலாகச் சிவந்த கோடு போடும். பூனைக்குப் பூச்சி மருந்து கொடுப்பது பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

ஏழாம் படி: மருந்து கொடுப்பதும் கொண்டுபோவதும்

துண்டால் உடம்பைச் சுற்றி முகம் மட்டும் வெளியே தெரியும்படி மடியில் வையுங்கள். நீர் மருந்தென்றால் ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தோரமாக, கொஞ்சம் கொஞ்சமாக. நேரே தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும். மாத்திரை கொடுத்தால் பின்னாலேயே ஐந்து மில்லி தண்ணீர் கொடுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரைகள் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

பூனைக்கூடை இல்லையென்றால் இரண்டு பிளாஸ்டிக் காய்கறிக் கூடைகளை வாய்க்கு வாய் கவிழ்த்துக் கயிற்றால் கட்டுங்கள். உள்ளே உங்கள் பழைய சட்டை. மேலே ஒரு துணி; இருட்டாக இருந்தால் அமைதியாக வரும். பைக்கில் மடியில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள், பாலத்தில் ஹாரன் சத்தத்துக்குக் குதித்த பூனை ஒன்றை நான் தேடியலைந்திருக்கிறேன்.

அருகில் இருக்கும் அரசு கால்நடை மருந்தகத்தின் நேரத்தை இன்றைக்கே விசாரித்து எழுதி வையுங்கள். கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 என்ற எண் இருக்கிறது. அறுவைச் சிகிச்சை, ஸ்கேன் என்றால் மதுரைக்குப் போக வேண்டியிருக்கும். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு யோசிக்க வேண்டிய விஷயங்கள் இல்லை இவை.

மருத்துவரிடம் "ரெண்டு நாளா டல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது சிறுநீர் போனது, எப்போது மலம் போனது, எத்தனை முறை வாந்தி, என்ன மருந்து கொடுத்தீர்கள், எடை என்ன, தடுப்பூசி போட்டதா. கையிலேயே எழுதிக்கொண்டு போங்கள். வாந்தியையும் நடையையும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

குட்டானுக்குப் பிறகு வந்த செவலையனுக்கும் போன வருடம் அதே இடத்தில் அதே மாதிரி குந்தல் வந்தது. நான்காவது முறை எழுந்து போனதும் மணலைக் கிளறினேன். காய்ந்திருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் கூடையை எடுத்து வந்தாள். "கடைசியா நேத்து சாயங்காலம் நாலு மணிக்குப் போனான் சார், அதுக்கப்புறம் சொட்டுகூட இல்ல" என்றேன். மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்காமல் மயக்க ஊசியை எடுத்தார். குழாய் உள்ளே போனதும் சிவந்த சிறுநீர் தட்டில் பீய்ச்சியடித்தது. மூன்றாம் நாள் வீட்டுக்குக் கூட்டிவரும்போது, இன்னும் ஒரு வாரம் கவனமாக இருக்கச் சொன்னார். திரும்ப அடைப்பது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். காலையும் மாலையும் மணலைக் கிளறிப் பார்த்தோம். அம்மா ஈர உருண்டைகளை எண்ணி, காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டு வந்தாள்.